தப்புக்குக் கால் மார்க்

மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் நின்று யாராவது அவரிடம், "சயானுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால், "எனக்கு நிச்சயமாத் தெரியலை" என்பார். நாற்பது வருஷமாக மாட்டுங்காவிலேயே குடியிருக்கிற மனுஷர். சயான் அடுத்த ஸ்டேஷன். கேட்டவன் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வடாபாவ் வண்டிக்காரனிடம் போய்க் கேட்பான்.

"ஏன் சார், சயான் தெரியாதா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சயான் தெரியும். வழியில பாலத்தை அடைச்சிருக்கானா திறந்திருக்கானான்னு இன்னிக்கு நான் பார்க்கலை. நான் சொல்றதை நம்பிப் போய் இவன் பாதியில முட்டிண்டு நின்னா, அந்தத் தப்பு யாரோடது? தெரியலைன்னு சொன்னா வேற யாரையாவது கேட்டுப்பான். நஷ்டம் இல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் சந்தில் வழி கேட்டால், தெரிந்தவன் ஒரு பக்கமும் தெரியாதவன் நாலு பக்கமும் கை காட்டுவான். தெரியாது என்று சொல்வது எங்களுக்கு மரியாதைக் குறைச்சல். அவரைப் பார்த்த பிறகுதான் அப்படியும் ஒரு ஜாதி மனுஷர் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

நாங்கள் பழகியது ஒரு பரீட்சையால். கடனில் விழுந்துபோன கம்பெனியைச் சட்டப்படி கையில் எடுத்து, பிழைக்க வைக்கவோ மூடிக் கணக்கு முடிக்கவோ ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக வேண்டுமென்றால் திவால் சட்டப் பரீட்சை ஒன்று தேற வேண்டும். சும்மா யாரும் போய் உட்கார்ந்துவிட முடியாது. பத்துப் பதினைந்து வருஷ அனுபவத்தைக் காட்ட வேண்டும். அதனால் அங்கே வருகிறவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள், மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிறவர்கள். நான் கம்பெனி செக்ரட்டரி. வேலை பார்த்த இடத்தில் எப்போது வீட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்று தெரியாத நிலைமை. கோபர்கைரனேயிலிருந்து செல்வின் என்று ஒருவர் வருவார், நாசரேத் பக்கத்துக்காரர், பாங்க் வேலையை விட்டவர். மூன்றாவது ஆள் இவர். செம்பூரில் ஒரு சாயப் பவுடர் கம்பெனியில் கணக்குத் தலைவராக இருந்து, அந்தக் கம்பெனியே திவாலாகி வீட்டுக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் மாமியும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், மாட்டுங்காவில் ஓர் இட்லிக்கடையின் மூலை மேஜை எங்களுடையது. செல்வினும் நானும் சட்டத்தைப் படிப்போம். அவர் சட்டத்தோடு பரீட்சை விதிகளையும் படிப்பார். விதிகளை இரண்டு பக்கமும் அச்செடுத்து, லாமினேஷன் போட்டு வைத்திருந்தார். எத்தனை மணிக்குக் கதவு சாத்துவார்கள், எந்த அட்டை செல்லும், வாட்ச் ஆகுமா ஆகாதா, கிறுக்கிப் பார்க்கக் கொடுக்கிற தாளை வெளியே கொண்டுவந்தால் என்ன ஆகும், எல்லாம் மனப்பாடம். என் முதல் பரீட்சையன்று காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"கார்டு ஒரிஜினல் எடுத்துண்டேளா? ஜெராக்ஸ் ஆகாது."

நான் எடுத்து வைத்திருந்தேன். அன்றைக்கே பரீட்சை இருந்த செல்வின் எடுத்து வைக்கவில்லை. ஜெராக்ஸோடு வாஷி வரைக்கும் ரயிலில் வந்துவிட்டிருந்தார். அங்கே அவருக்குப் போன் வந்ததும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்ப ஓடினார். கதவு சாத்த நாலு நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்த செல்வினுக்கு, வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தது இவர்தான். அன்றைக்கு இவருக்குப் பரீட்சையே கிடையாது. அதற்காகவே செம்பூரில் பரீட்சை நடக்கிற இடத்துக்கு வந்திருந்தார். இந்த மனுஷரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

அந்த விதிகளில் ஒன்றுதான் அவருக்கு வேதம். பரீட்சை இரண்டு மணி நேரம், கம்ப்யூட்டரில். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில், ஒன்றைத் தொட வேண்டும். நூற்றுக்கு அறுபது வந்தால் பாஸ். தப்பான பதிலைத் தொட்டால் அந்தக் கேள்வியின் மார்க்கில் கால் பங்கைக் கழித்துவிடுவார்கள். தொடாமல் விட்டால் எதுவும் கழியாது.

"கவனிச்சேளா? தெரியாததுக்குத் தண்டனை கெடையாது. தெரியும்னு சொல்லித் தப்பாச் சொன்னாத்தான் தண்டனை. எவ்வளவு நியாயமான விதி!" என்று அந்த லாமினேஷன் அட்டையைத் தட்டிக் காட்டுவார்.

அவர் மூன்று தடவை எழுதினார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, மறுபடி ஐம்பத்தெட்டு. பரீட்சை முடிந்த உடனே திரையிலேயே மார்க் வந்துவிடும். வெளியே வந்து எங்களிடம் சொல்லும்போது முகத்தில் வருத்தத்தோடு ஒரு மிடுக்கும் இருக்கும்.

"தொட்டது மொத்தம் அம்பத்தெட்டு மார்க்குக்கு. வந்தது அம்பத்தெட்டு. ஒண்ணுகூடக் கழியலை."

"பாக்கி நாப்பத்திரண்டு?"

"சந்தேகமா இருந்தது. விட்டுட்டேன்."

"அதுல ஒரு நாலஞ்சைக் குத்துமதிப்பாத் தொட்டிருந்தா பாஸ் ஆயிருப்பியளே சார்!" என்று செல்வின் தலையில் கை வைத்துக்கொள்வார். நான் அப்படித்தான் இரண்டாவது தடவையில் பாஸ் ஆனேன். தெரிந்ததைத் தொட்டேன், பாதி தெரிந்ததையும் தொட்டேன், தெரியாததற்கு எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொண்டு மூன்றாவது பதிலைத் தொட்டேன். அறுபத்தொன்றரை வந்தது. அவர் எனக்குக் கை கொடுத்துவிட்டு, "அந்த ஒன்றரை மார்க்கு உங்களோடது இல்லை, தெரியுமோ?" என்றார். கோபம் வந்தது. ஆனால் இவர் பேச்சால் நான் தப்பித்த கதையும் உண்டு. என் ஆபீஸில் ஒரு சரக்குக் கணக்கைப் பார்க்காமலேயே பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இவர்தான், "பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதாதீங்கோ. விட்டுடுங்கோ" என்றார். விட்டேன். எனக்குப் பதிலாகப் போட்டவர் இன்றைக்கும் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

சுடலைமுத்து அண்ணாச்சி விஷயத்தில்தான் எனக்கு முதலில் உறுத்தியது.

அண்ணாச்சி எங்கள் சந்துக்காரர். அந்தச் சாயப் பவுடர் கம்பெனியில் டிரம் உருட்டியவர். கம்பெனி விழுந்ததும், வர வேண்டிய பாக்கியைக் கேட்டு ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு பாரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் போட்டு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு மழையில் கம்பெனியின் பழைய பதிவேடுகள் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன. கணக்குத் தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கடைக்கே பாரத்தோடு வந்துவிட்டார் அண்ணாச்சி.

"சார், நான் சேந்த அன்னைக்கு நீங்கதான் என் பேரைப் புஸ்தகத்துல எழுதுனிய. பாய்லர் வெடிச்சதுக்கு மறு வருசம். ஞாபகம் இருக்குலா?"

"ஞாபகம் இருக்கு. வெடிச்சதுக்கு மறு வருஷமா, அதுக்கும் மறு வருஷமாங்கறதுதான் நிச்சயமா இல்லை."

"மறு வருசம்தான் சார்."

"நீங்க சொல்றேள். நான் கையெழுத்துப் போட்டா அது நான் சொல்றதா ஆயிடும்."

அவர் பாரத்தைக் கவனமாகப் படித்தார். அண்ணாச்சியின் பெயர் சரி, வேலை சரி, கடைசி மாதச் சம்பளம் சரி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சேர்ந்த வருஷத்துக்கு உள்ள கட்டத்தை மட்டும் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தார். எத்தனை வருஷ வேலை என்று சொல்கிற அந்தக் கட்டத்தை வைத்துத்தான் பாக்கிப் பணம் மொத்தமும். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"சார், ஒரு வருசம் முன்னப் பின்ன ஆனா என்ன குடி முழுகிரும்? அவருக்கு அது வாழ்க்கை சார்."

"தப்பா இருந்தா அவர் பொய் பாரம் கொடுத்தவரா ஆயிடுவார். முழுசும் போயிடும். காலியா இருந்தா விசாரிப்பா."

யாரும் விசாரிக்கவில்லை. காலியாக இருந்ததால் அண்ணாச்சியின் பங்கைத் தள்ளிவிட்டார்கள். அண்ணாச்சி பிறகு என்னைப் பார்த்தபோது திட்டக்கூட இல்லை. "சார் நல்லவருதான் தாயி. அந்த நல்லவரை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டார். நான் அதை அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து, "பாய்லர் வெடிச்ச வருஷத்தை விசாரிச்சுண்டு இருக்கேன்" என்றார். மூன்று மாதம் அலைந்து, யாரோ ஒரு பழைய வாட்ச்மேனைக் கல்யாண் பக்கத்தில் கண்டுபிடித்து, அண்ணாச்சி சொன்ன வருஷம் சரிதான் என்று உறுதி செய்துகொண்டு, கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தார். கெடு முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு சந்து வாசலில் வேர்த்து விறுவிறுத்து அவர் நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

நாலாவது பரீட்சைக்கு அவர் வேறு மாதிரித் தயாரானார். வீட்டிலேயே மாதிரிப் பரீட்சை எழுதுவார், பரீட்சை விதிப்படி. படிக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். போன் அணைத்து வெளியே. இரண்டு மணி நேரம் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. மாமி கதவைத் தட்டக் கூடாது. "உள்ள இருக்கறச்சே நான் ஆத்துல இல்லைன்னு வச்சுக்கோ" என்று மாமியிடம் சொல்லிவிட்டதாக எங்களிடம் பெருமையாகச் சொன்னார். மாமி ஒருமுறை என்னிடம், "ரெண்டு மணி நேரம் நன்னா நிம்மதியா இருக்கேன்டீம்மா" என்று சொல்லிச் சிரித்தார். மெல்லிய குரல் அவருக்கு. கொஞ்சம் பாடுவார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குக் கூட்டுப் படிப்பு வேண்டாம், அவரவர் வீட்டில் இரண்டு தாள் எழுதுவோம் என்று பேசியிருந்தோம். மதியம் ஒன்றரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"மாமி சமையல் உள்ளுல விழுந்து கெடக்கா. வாய் கோணியிருக்கு. ஆம்புலன்ஸ் வந்துண்டிருக்கு. நீங்க வர முடியுமோ?"

சயானில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். தாராவியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். நான் போனபோது மாமியை ஸ்கேனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவர் கால்சட்டைக்கு மேல் பனியனோடு, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாக, இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசினாள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. அதைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது. ஆனால் வியாதி ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமேல் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போகலாம். எப்போது ஆரம்பித்தது என்று ஸ்கேன் சொல்லாது. வீட்டில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும். "கடைசியாக அவங்க நல்லா இருந்ததை நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"ஒன்பது மணிக்கு. காபி கொடுத்தா. நான் கதவைச் சாத்திண்டேன். ரெண்டு தாளும் முடியறவரைக்கும் வெளியிலயே வரலை."

மணி இரண்டு பத்து. ஒன்பதிலிருந்து எண்ணினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"அதுக்கப்புறம் பார்க்கவே இல்லையா? சத்தம் ஏதாவது கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். முகம் வெளிறியிருந்தது. பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "குக்கர் விசில் கேட்டது. மூணு விசில். ரெண்டாவது தாள்ல, திரையில இன்னும் நாப்பது நிமிஷம் இருந்தது. மணி பன்னிரண்டு முப்பத்தஞ்சு."

எனக்கு உயிர் வந்தது. "சார், அப்ப பன்னிரண்டரை வரைக்கும் மாமி நல்லா இருந்திருக்காங்க! குக்கரை அணைச்சிருக்காங்கல்லா? சொல்லுங்க டாக்டர்கிட்ட."

"பக்கத்து ஆத்துச் சமையல் உள்ளும் அதே சுவர்தான். அவா குக்கரும் இப்படித்தான் கேக்கும்."

"மாமி தினமும் பன்னிரண்டரைக்குத்தான சாதம் வைப்பாங்க?"

"தினம் வைப்பா. இன்னிக்கு வச்சாளான்னு எனக்குத் தெரியாதே."

"நீங்க போய்ப் பாத்தப்ப அடுப்பு எப்படி இருந்துச்சு? குக்கர் இறங்கியிருந்துச்சா?"

"நான் அவளைத்தான் பார்த்தேன். அடுப்பைப் பார்க்கலை."

டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் இந்தியில் விசில் விஷயத்தைச் சொன்னேன். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அது உங்க வீட்டு விசில்தானா? நிச்சயமாச் சொல்ல முடியுமா சார்? நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் ஊசி போடணும்."

"எவ்வளவு தூரம் நிச்சயம் சார்?" என்று நான் அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். நானாக அவரைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

"நூத்துக்குத் தொண்ணூறு."

"போதும் சார். சொல்லுங்க!"

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே கதவைப் பார்த்தார். அந்தப் பத்துக்குப் பயந்தார். தன் வாயால் சொன்ன ஒரு சொல்லால் மாமி செத்துப்போய்விட்டால் என்று பயந்தார். அதைப் பயம் என்று நான் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"நிச்சயமாச் சொல்ல முடியலை," என்றார் டாக்டரிடம்.

அவள் பேனாவை எடுத்தாள். "ஒன்பது மணின்னுதான் நான் எழுதணும். ஊசி போட முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள்மேல் குற்றம் இல்லை. நான் சொல்லியிருக்கலாம். "அது அவங்க வீட்டு விசில்தான், எனக்குத் தெரியும்" என்று ஒரு பொய்யைச் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஒன்றரை மார்க்குக்காக அம்மனை வேண்டிக் குத்தினவள், அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் மாமிக்கு மாற்றுத் துணியும் இன்ஷூரன்ஸ் கார்டும் எடுத்துவர என்னிடம் சாவியைக் கொடுத்து அனுப்பினார். மாட்டுங்கா வீட்டில் விளக்கைப் போட்டு, துணியை எடுத்து வைத்துவிட்டு, கால் தானாகச் சமையலறைக்குப் போனது. தரையில் ஒரு கரண்டி கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது. குக்கர் மேடையில் இறக்கி வைத்திருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே சாதம், பொலபொலவென்று, ஒரு பருக்கை குழையாமல்.

அப்போது வாசலில் யாரோ மணி அடித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா, பையும் பெட்டியுமாக, பின்னால் அவர் வீட்டுக்காரர்.

"மாமி இல்லையா? எங்காத்துச் சாவியை மாமிகிட்டதான் கொடுத்துட்டுப் போனோம். நெருள்ல பொண்ணாத்துக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு இப்பத்தான் வரோம்."

சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நாலு நாளாக அந்த வீட்டில் ஆள் இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எந்தக் குக்கரும் விசில் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு இந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அரை நிமிஷ வேலை. அவருக்குத் தோன்றவில்லை. பரீட்சை ஹாலில் பக்கத்தில் யாரையும் கேட்கக் கூடாது என்று பழகினவர். கிடைக்கிற மனுஷரையெல்லாம் கேள்வி கேட்டே வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. இதை எதில் கழித்துக்கொள்வது? மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி இனி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமி பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது என்றார்கள். இரண்டு வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் கட்டில் போட்டு, பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை வைத்தார். அவரே மாமிக்குத் தலை வாரி விடுவார். வகிடு கோணலாகத்தான் வரும்.

மூன்றாவது வாரம் பரீட்சை. போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். போயிருக்கிறார். அன்று மாலையே எனக்குப் போன். "ஒரு தடவை ஆத்துக்கு வரேளா? கொஞ்சம் கேக்கணும்."

போனேன். மாமி கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாமல், விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னிக்கு எல்லாத்தையும் தொட்டேன். ஒண்ணுகூட விடலை. போனாப் போறதுன்னு தொட்டேன். எண்பது வந்திருக்கு."

"பாஸா சார்!"

"நிச்சயமாத் தெரிஞ்சது அதே அம்பத்தெட்டுதான், எண்ணிண்டே வந்தேன். விட்டு வைக்கற நாப்பத்திரண்டையும் தொட்டேன். கழிச்சது போக இருபத்திரண்டு கூட வந்திருக்குன்னா, அதுல இருபத்தாறு சரியா இருந்திருக்கணும். இருபத்தாறு எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாதுன்னு நெனச்சுண்டே இருந்திருக்கேன்."

அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க அன்னிக்குச் சாயங்காலம் இங்க வந்தேளே. பக்கத்தாத்துல அப்போ மனுஷா இருந்தாளா?"

பக்கத்து வீட்டுக் கதவு அவர் வாசலிலிருந்து நாலு எட்டு. தட்டிக் கேட்டால் அந்த அம்மாவே சொல்லிவிடுவார். மூன்று வாரமாகத் தட்டவில்லை. அதைத் தட்டாமல் என்னைத் தாராவியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. வயசு பத்து கூடிப்போன முகம். அவர் தன் கையால்தான் இனி மாமிக்குச் சோறு ஊட்ட வேண்டும், தலை வார வேண்டும், எத்தனை வருஷமோ.

"இருந்தாங்க சார்," என்றேன். "நான் வரும்போது அவங்க கதவு திறந்துதான் இருந்துச்சு. காலையிலிருந்து சமையல் வேலைதான்னு அந்த அம்மா சொன்னாங்க."

"குக்கர்?"

"அவங்க குக்கர்தான் சார். இங்க நான் பாத்தேன். சாதமே வைக்கலை."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். மூச்சு ஒன்று வெளியே வந்தது. "அப்போ நான் சொல்லாம விட்டது சரிதான்," என்றார். "சொல்லியிருந்தா அவ போயிருப்பா."

"ஆமா சார்."

கட்டிலில் அசைவு தெரிந்தது. மாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அரிசி களைந்து வைத்தது அவர். மூன்று விசில் எண்ணி அணைத்து இறக்கியது அவர். பக்கத்து வீட்டுச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டியதும் அவர். அந்தப் பார்வையை என்னிடமிருந்து எடுத்து மெதுவாகப் புருஷன் பக்கம் திருப்பினார். இடது கை போர்வையை விட்டு எழும்பியது. வாய் திறந்தது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, ஒரு தடவை, இன்னொரு தடவை, மூன்றாவதில் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வார்த்தை வரவில்லை.

அவர் சட்டென்று எழுந்தார். "ஜலம் கேக்கறா," என்றார் என்னிடம். அந்த மனுஷர் அவ்வளவு நிச்சயமாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து, மாமியின் தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் வைத்தார். மாமி வாயை இறுக மூடிக்கொண்டார்.